பட்ட துன்பமும் கற்ற பாடமும்

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது பழமொழி. அதனால், துன்பப்பட்டவரே நல்ல தலைவராவார் என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து பாதி உண்மையே. துன்பம் தானாகவே ஒருவரைத் தலைவராக்குவதில்லை. அதிலிருந்து அவர் எதைக் கற்றுக்கொள்கிறார் என்பதே முக்கியம்.

சிங்கப்பூரின் ஆறாவது அதிபர் திரு எஸ் ஆர் நாதனின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. 1924ஆம் ஆண்டில் பிறந்த அவர், ஜொகூரிலுள்ள மூவாரில் சிறுவயதைக் கழித்தார். பொருளாதார மந்தத்தால் குடும்பம் கடனில் மூழ்கியது. எட்டு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. 16 வயதில் தாயாருடன் ஏற்பட்ட பூசலால் வீட்டை விட்டு வெளியேறினார்.

மனம் கசந்துபோக அவருக்குக் காரணங்கள் பல இருந்தன. ஆனால், அவர் வேலை செய்துகொண்டே மீண்டும் படித்தார். 1954இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டயம் பெற்றார். பின்னர் மருத்துவமனையில் சமூகச் சேவை ஊழியராகவும், மாலுமிகளின் நல அதிகாரியாகவும் பணியாற்றினார். இரண்டுமே பிறர் குறைகளைப் பொறுமையாகக் கேட்க வேண்டிய பணிகள். வறுமையை அறிந்தவருக்கு அக்குறைகள் புதியவை அல்ல.

1974இல் பயங்கரவாதிகள் நால்வர் ‘லாஜு’ என்ற படகைக் கடத்தி, அதன் பணியாளர்களைப் பிணை பிடித்தனர். பிணையாளிகளை மீட்பதற்காக, அக்கடத்தல்காரர்களுடன் குவைத்துக்கு விமானத்தில் சென்ற அதிகாரிகள் குழுவுக்குத் திரு நாதனே தலைமை தாங்கினார். ஆபத்தான பணிக்குப் பிறரை மட்டும் அனுப்பிவிட்டு அவர் ஒதுங்கி நிற்கவில்லை.

எல்லாரும் இப்படி வளர்வதில்லை. இணைப்பாட நடவடிக்கையில் மூத்தோரின் கேலிக்கு ஆளான மாணவர் ஒருவர், தாம் தலைவரானதும், “நானும் இதையெல்லாம் தாங்கித்தானே வந்தேன்!” என்று இளையோரை வாட்டுவதுண்டு. அவர் வலியை மறக்கவில்லை. ஆனால், அதிலிருந்து எதையும் கற்கவில்லை. அதே கேலியை அனுபவித்த வேறொருவர், புதிதாகச் சேர்ந்தவர் தனித்து நிற்பதைக் கண்டு, அருகில் சென்று பேசுவார். இருவரும் பட்ட துன்பம் ஒன்றே; தேர்ந்தெடுத்த வழிதான் வேறு.

இதனால் துன்பம் நல்லது என்று ஆகிவிடாது. தாங்க முடியாத நிலையில் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உதவி கேட்பதும் அறிவுடைமையே. ஆயினும், நடந்து முடிந்ததை யாராலும் மாற்ற இயலாது. தாம் பட்ட வேதனை அடுத்தவருக்கும் நேராமல் தடுப்பவரே நல்ல தலைவர். அதற்குப் பதவி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.