வெளிச்சுவரும் ஜன்னலும்: வேலையை ஒப்படைக்கும் முன்

ஆழ்வார்பேட்டையிலிருந்து வாசகி ஒருவர் நமக்கு விரிவானதொரு மடல் எழுதியுள்ளார். மாமனார் காலத்தில் எழுப்பப்பட்ட வீடு. கீழும் மேலுமாக இரண்டு தளங்கள். கடந்த மழையில் கிழக்குச் சுவரின் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிட்டது. எட்டு ஜன்னல்களில் ஐந்து சரிவர மூடுவதில்லை. கணவர் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் மிஞ்சியிருக்கும் தொகையைத்தான் இப்பணிக்கு எடுக்க வேண்டும். அதற்குப்பின் வங்கியில் பெரிதாக ஒன்றும் இராது. இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்துச் சென்றனர். ஒருவர் ஒரு தாளின் பின்புறத்தில் "மொத்தம் 2,40,000 ரூபாய்" என்று எழுதிக் கொடுத்தார். மற்றவர் நான்கு பக்கப் பட்டியலைத் தந்து 3,10,000 ரூபாய் கேட்கிறார். முதலாமவர் புறப்படும்போது, "அம்மா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன். பாதிப் பணம் மட்டும் இன்னிக்குக் குடுத்துடுங்க, இந்த விலைக்கு முடிச்சுத் தர்றேன்" என்றாராம். யாரிடம் ஒப்படைக்கலாம் என்பது வாசகியின் வினா.

இவ்வினா அவருடையது மட்டுமன்று. சென்னையில் மழை ஓய்ந்து தை பிறந்ததும் பல இல்லங்களில் இதே பேச்சு எழுகிறது. ஆதலின் சற்று விரிவாகவே விடை கூற விழைகிறோம்.

யாரிடம் என்பதற்கு முன்பாக, சுவர் ஏன் கெட்டது என்பதைக் கண்டறிய வேண்டும். ஆழ்வார்பேட்டை கடற்கரைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. உப்புக் கலந்த காற்று நாள்தோறும் பிற்பகலில் வீசுகிறது. அது காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து கம்பியைத் துருவேற்றும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலுள்ள பூச்சை வெளியே தள்ளும். ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேட் பிளப்பது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் எல்லாப் பழியையும் கடற்காற்றின்மேல் சுமத்துவதும் சரியன்று. மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் வெடிப்பு, சுவருக்குள் ஓடும் குழாயின் கசிவு, அடிச்சுவரில் ஏறும் ஓதம் ஆகியவையும் காரணங்களாகலாம். நம் நகரில் சாலைகளைச் சுரண்டாமல் மேன்மேலும் உயர்த்திப் போட்டதால் பழைய வீடுகள் பல தெருமட்டத்துக்குக் கீழே தாழ்ந்துவிட்டன. மழைநீர் அடிச்சுவரிலேயே தேங்குகிறது. அத்தகைய சுவருக்குப் புதுப்பூச்சு பூசுவது, ஓட்டைக் குடத்துக்கு வர்ணம் அடிப்பதை ஒக்கும். வந்து பார்க்கும் ஒப்பந்தக்காரர் மாடிக்கு ஏறிப் பார்த்தாரா, சுவரைத் தட்டிப் பார்த்தாரா, எந்தப் பக்கம் முதலில் நனைந்தது என்று வினவினாரா என்பதைக் கவனியுங்கள். நாடாவால் அளந்து தொகை மட்டும் சொல்லிப் போனவரிடம் நாம் அவ்வளவாக நம்பிக்கை வைப்பதற்கில்லை.

பழைய வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். ஓர் ஆணியை எடுத்துச் செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தைச் சுரண்டிப் பாருங்கள். வெண்மையாய் எளிதில் உதிர்ந்தால் அது சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறமாய் இறுகி நின்றால் சிமெண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்புடன் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளிங்குபோல் மெருகேற்றிய சுண்ணப் பூச்சுக்கு ஒருகாலத்தில் சென்னப்பட்டணம் உலகப்புகழ் பெற்றிருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் கடினமான சிமெண்டுப் பூச்சைப் போர்த்தி, நீர்புகா வர்ணமும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. உப்புப் பூத்து, இரண்டு மூன்று மழைக்காலங்களில் பூச்சு மீண்டும் பெயர்கிறது. சில வேளைகளில் செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழுகிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று அரிது எனினும் அறவே இல்லாமற் போகவில்லை. தேடுவது தகும்.

சிமெண்டுச் சுவராயின் முறை வேறு. வெளிப்பூச்சு ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பூச்சாக அமைதல் நன்று. தூணும் செங்கற்சுவரும் சேருமிடத்தில் கோழிவலை அடித்தால்தான் அங்கு வெடிப்பு ஓடாது. பூச்சுக்கெனச் சலித்த மணலையே பயன்படுத்த வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது நீராற்றுதல். குறைந்தது ஏழு நாள் சுவர் ஈரமாகவே இருக்க வேண்டும். நான்காம் நாளே சாரத்தைப் பிரித்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் கெட்டுப்போன பூச்சுகள் இந்நகரில் எத்தனையோ! புதுப்பூச்சு நன்கு உலர ஒரு மாதமேனும் விட்டு அதன்பின் வர்ணம் பூச வேண்டும். ஐப்பசி நெருங்குகையில் தொடங்கினால் இவற்றுக்கு நாள் கிடையாது. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. தை, மாசியில் தொடங்குவதே உத்தமம். சித்திரை வெயிலில் பூசினால் நீராற்றும் வேலை இரட்டிப்பாகும்.

இனி ஜன்னல்களைப் பற்றி. பழைய ஜன்னல் மூடவில்லை என்றதும் "எல்லாத்தையும் எடுத்துட்டு யு.பி.வி.சி. போட்டுடலாம்" என்பதே இன்று முதல் ஆலோசனையாக வருகிறது. அந்த ஜன்னல் பர்மாத் தேக்காய் இருந்தால் சற்றுப் பொறுங்கள். பெரும்பாலும் கீழ்ச்சட்டமும் அடிமூலையுமே உளுத்திருக்கும். மேற்பகுதி இன்னும் பல்லாண்டு நிற்கும். கைதேர்ந்த தச்சர் ஒருவர் கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, புதுத்தேக்கை ஒட்டுப்போட்டு, கீலை மாற்றிவிட்டால் போதும். இங்கே ஒரு தந்திரத்தையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. "பழசை எல்லாம் நாங்களே இலவசமா அப்புறப்படுத்திடறோம்" என்று சில ஒப்பந்தக்காரர்கள் பெருந்தன்மையுடன் சொல்லுவர். பழைய தேக்குக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. இடிபாட்டுக் கடைக்குப் போகும் அந்த எட்டு ஜன்னல்களின் மதிப்பு, மதிப்பீட்டில் எங்கும் தலைகாட்டாது. நம் வாசகிக்கு வந்த 2,40,000 ரூபாய்க் கணக்கிலும் இதே சொல் இருக்கிறது. முதலில் பழைய மரம் எடுப்பவர் ஒருவரை அழைத்து விலை கேட்டறிந்துவிட்டு, பிறகு அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள் அம்மா!

மாற்றித்தான் ஆக வேண்டும் எனில், கடலோர ஊருக்கு யு.பி.வி.சி. பொருத்தமானதே, அது துருப்பிடிப்பதில்லை, கரையான் அரிப்பதில்லை. ஆயினும் அதன் உள்ளே வலுவூட்ட வைக்கும் இரும்புச் சட்டம் துத்தநாகம் பூசியதா, எல்லாச் சட்டங்களிலும் வைக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் காற்றுவிசைக் கணக்கில் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், வேகம் அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்ததைக் கண்டவர்களுக்கு இது வெறும் எண்ணாகத் தோன்றாது. இழுத்து மூடும் ஜன்னலில் எந்நேரமும் பாதித் திறப்பே கிட்டும் என்பதையும் எண்ண வேண்டும். கதவுபோல் திறப்பது முழுக் காற்றையும் உள்ளே விடும். பிற்பகல் கடற்காற்றை நம்பி மின்விசிறியை நிறுத்தும் வீடுகளுக்கு இது சிறிய செய்தியன்று. இழுப்பு ஜன்னலின் கீழ்த்தடத்தில் நீர் வெளியேறும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா, ஜன்னற்படி வெளிப்புறமாகச் சரிகிறதா, சன்ஷேட்டின் அடியில் நீர் சொட்டி விழும் பள்ளம் உண்டா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பழைய சட்டத்தோடு இணைந்திருக்கும் இரும்புக்கம்பி, சட்டத்தை எடுத்ததும் போய்விடும். புதுக்கம்பி யார் பொறுப்பு? பெரும்பாலான மதிப்பீடுகள் இதைப்பற்றி மௌனம் சாதிக்கின்றன.

இப்போது அவ்விரு தொகைகளுக்கு வருவோம். நான்கு பக்கப் பட்டியலில் சாரம் கட்டுதல், பழைய பூச்சைக் கொத்துதல், இடிபாட்டை ஏற்றிச் செல்லுதல், கம்பி மாற்றுதல், கொசுவலை, இரண்டு கை வர்ணம் என யாவும் தனித்தனியே விலையுடன் உள்ளன. ஒற்றை வரித் தாளில் இவற்றுள் எவை அடக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. வேலை பாதியில் நிற்கையில்தான் "அது கணக்குல வரலீங்களே" என்ற சொல் பிறக்கும். எனவே முதலாமவரிடமும் அதே தலைப்புகளை நீட்டி, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதித் தரச் சொல்லுங்கள். அளவு முறையையும் எழுதி வாங்குங்கள்: பூச்சை அளக்கையில் ஜன்னல் திறப்பைக் கழிப்பதா இல்லையா? ஜன்னலின் சதுர அடியைச் சட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து அளப்பதா, சுவர்த்திறப்பை அளப்பதா? எழுதித் தர மறுப்பவரே தம்மைப்பற்றிய தகவலைத் தந்துவிட்டார். எழுதித் தந்தபின் அவருடைய தொகை 3,10,000 ரூபாயைத் தாண்டினாலும் நாம் வியப்புறமாட்டோம்.

'இன்றே பாதிப் பணம்' என்னும் அவசரம் நம் ஊருக்கே உரிய நோயன்று. அமெரிக்காவில் மரவீடுகளின் வெளிப்புறத்தைப் பலகையாலோ தகட்டாலோ போர்த்துவது வழக்கம். அத்தகட்டை வீடுவீடாய்ச் சென்று விற்றவர்கள் வாசலிலேயே கையொப்பம் வாங்கி, எளிய குடும்பங்களைக் கடனில் ஆழ்த்திய வரலாறு அங்கு உண்டு. வாசல் விற்பனையாளர்களின் இத்தகைய வற்புறுத்தலைத் தடுக்க, வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை மூன்று வேலைநாட்களுக்குள் முறித்துக்கொள்ளும் உரிமையை 1970களில் அந்நாட்டு வணிக ஆணையம் மக்களுக்கு வழங்கிற்று. நம் நாட்டில் ஒப்பந்தக்காரரோடு செய்யும் வீட்டுவேலைக்கு அத்தகைய தனிவிதி இல்லை. ஆனால் மூன்று நாள் பொறுத்திருந்து கையொப்பமிடுவதை யார் தடுக்கிறார்கள்? அந்த இடைவெளியில், அவர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் முடித்த வீட்டைச் சென்று பாருங்கள். போன மாதம் முடித்த வேலை எவர் கையிலும் அழகாய்த்தான் இருக்கும்.

பணம் வேலையின் பின்னால் நடக்க வேண்டும். முன்னால் ஓடக் கூடாது. முன்பணம் பத்தில் ஒரு பங்கு, பழைய பூச்சு முழுதும் கொத்தி முடித்ததும் ஒரு பங்கு, ஜன்னல்கள் வந்து இறங்கி அளவு சரிபார்த்ததும் ஒரு பங்கு, இவ்வாறு பிரித்தெழுதலாம். கடைசிப் பத்தில் ஒரு பங்கை அடுத்த வடகிழக்குப் பருவ மழை பார்த்தபின் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நேர்மையான ஒப்பந்தக்காரர்கள் பலர் இதற்கு இசைவர். அதே வேளையில், சேர்ந்த தவணையைச் சொன்ன நாளில் தருவது நம் கடமை. சனிக்கிழமை மாலை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டிய மனிதரை, "திங்கள் வாருங்கள்" என்று அலையவிட்டுவிட்டு நல்ல வேலையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சவுக்குக் கம்பும் கயிறும் கொண்டு கட்டிய சாரத்தில் இரண்டாம் மாடி உயரத்தில் நின்று வேலை செய்பவரும் ஒரு குடும்பத்தின் தலைவரே. இடுப்புக் கயிறு, தலைக்கவசம், விபத்துக் காப்பீடு இவற்றை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்வதால் விலை சற்று ஏறினால் ஏறட்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழகத்தில் 1994 முதல் இயங்கி வருகிறது. பதிவு செய்த தொழிலாளியின் குடும்பத்துக்கு விபத்து நேரத்தில் உதவி கிட்டும். நம் வீட்டில் வேலை செய்பவர்கள் பதிவு செய்துள்ளனரா என்று ஒரு வார்த்தை கேட்கலாமே.

அடுக்ககத்தில் வாழ்வோருக்கு ஒரு குறிப்பு. வெளிச்சுவர் எல்லாருக்கும் பொதுவானது. 1994ஆம் ஆண்டின் அடுக்ககச் சட்டத்துக்கு மாற்றாக வந்துள்ள 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பொதுப்பகுதிகளின் பராமரிப்பு உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பு. உங்கள் ஜன்னலை மட்டும் வேறு நிறத்தில் மாற்றுவதற்கு முன்பும் சங்கத்தின் இசைவை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கடைசித் தவணைக்கு முன், சுவரில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், விரல்முட்டியால் தட்டுங்கள், பொள்ளென ஒலிக்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு அதைப் பெயர்த்துப் பூசச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஜன்னலின்மீதும் வெளியிலிருந்து குழாய்நீரைப் பத்து நிமிடம் பீய்ச்சி, உள்ளே ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் ஏமாற்றம் நேர்ந்தால் வழியுண்டு. வீடு கட்டும் பணியும் நுகர்வோர் சட்டம் கூறும் 'சேவை'யே என்று உச்ச நீதிமன்றம் 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணையத்தின் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து இலட்சத்துக்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முதலில் புகார் சொல்லலாம். கையொப்பமிட்ட ஒப்பந்தம், ரசீதுகள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத பணத்தை எந்த ஆணையத்தின் முன்னும் மெய்ப்பிப்பது கடினம்.