முதல் வகுப்பில் பிரெஞ்சு, வீட்டில் எது?

ஆறு வயதுக் குழந்தை பள்ளியிலிருந்து திரும்பியதும் "எங்கே, பிரெஞ்சில் ஏதாவது சொல்" என்று கேட்பதும், அது வாய் திறவாமல் நிற்பதும், பெற்றோர் மனங்கலங்குவதும் ஆங்கிலம் வழங்கும் கனடிய மாகாணங்களில் ஆண்டுதோறும் நிகழ்வன. பிரெஞ்சு இம்மெர்ஷன் எனப்படும் அமிழ்வுக் கல்வியின் முதல் வகுப்பைக் குறித்த அச்சங்களுள் பெரும்பாலானவை, அவ்வகுப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமையால் எழுபவை என்றே கருதுகிறேன்.

இத்தனைக்கும் இத்திட்டம் பெற்றோர் கேட்டுப் பெற்றதுதான். மொன்றியால் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள செயிண்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், தயங்கிய கல்வி வாரியத்தை வற்புறுத்தி 1965-இல் ஒரு மழலையர் வகுப்பைத் தொடங்கச் செய்தனர். மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட் அக்குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார். (ஊர்ப்பெயரும் ஆய்வாளர் பெயரும் ஒத்திருப்பது தற்செயலே.) 1972-இல் டக்கருடன் இணைந்து அவர் வெளியிட்ட நூலே பின்னர் நாடெங்கும் இவ்வகுப்புகள் பரவ வழிகோலியது.

வகுப்பறையில் நடப்பது இதுதான். முதல் நாளிலிருந்தே ஆசிரியர் பிரெஞ்சில் மட்டுமே பேசுகிறார். குழந்தை ஆங்கிலத்தில் விடை சொன்னால் அதட்டுவதில்லை. அவ்விடையையே பிரெஞ்சில் திருப்பிச் சொல்கிறார். கையசைவு, படம், பாட்டு ஆகியவற்றோடு, காலைதோறும் மாறாத ஓர் ஒழுங்கும் உண்டு: இன்று என்ன கிழமை, வெயிலா மழையா, யார் வரவில்லை. ஒரே வினா ஒரே வடிவில் நாள்தோறும் கேட்கப்படும்போது பொருள் தானே விளங்கிவிடுகிறது. கணக்கும் பிரெஞ்சிலேயே நடக்கிறது. குழந்தை சில மாதங்கள் கேட்டுப் புரிந்துகொள்ளுமேயன்றிப் பேசாது. முதலில் வாயில் வரும் முழுத்தொடர் பெரும்பாலும் கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்பதாக இருக்கும்! பிறகு இரு மொழியும் கலந்த ஒரு பேச்சு வரும். இவை யாவும் வளர்ச்சியின் படிகளே. அம்மொழி அந்த அறையோடும் அந்த ஆசிரியரோடும் பிணைந்தது. வீட்டுக் கூடத்தில் அதைப் பேசிக்காட்டச் சொல்வதில் பயனில்லை. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது, சொல்வதைப் புரிந்துகொண்டு செய்கிறதா என்பதைத்தான்.

பிரெஞ்சு அறியாத பெற்றோர் வாசிப்புக் கற்பிக்க முனைவது வேறொரு தொல்லை. பிரெஞ்சில் பூனைக்கு 'ஷா' என்று பெயர். அதன் எழுத்துகளை ஆங்கிலக் கண்கொண்டு நோக்கினால் 'சாட்' ஆகி, பூனை அரட்டையாகிவிடும். ரொட்டியைக் குறிக்கும் சொல்லோ எழுத்தளவில் ஆங்கிலத்தின் 'வலி'யேதான். ஒலிக்கப்படாத ஈற்றெழுத்துகளையும், மூன்று உயிரெழுத்துகள் கூடி ஒரே 'ஓ' ஆவதையும் ஆசிரியர் ஒவ்வொன்றாகக் கற்பித்துக்கொண்டிருக்க, வீட்டில் அதைக் குலைக்க வேண்டாம். குழந்தை தனக்கு வாசித்துக்காட்டக் கேட்டிருத்தலே போதுமானது.

ஆங்கிலம் பின்தங்குமே என்ற கவலைக்கு ஓரளவு அடிப்படை உண்டு. டொராண்டோ பொதுப்பள்ளிகளின் அமிழ்வு வகுப்புகளில் ஆங்கிலம் நான்காம் வகுப்பில்தான் தனிப்பாடமாக வருகிறது. அதுவரை ஆங்கில வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் குழந்தைகள் சற்றுப் பின்னிற்பர். பாடம் தொடங்கி ஓராண்டுக்குள் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றனர் என்பதே ஆய்வுகளின் முடிவு. குறை பிரெஞ்சில்தான் தங்குகிறது. கேட்டலிலும் வாசித்தலிலும் பிரெஞ்சுக் குழந்தைகளை நெருங்கிவிடும் இவர்கள், பேச்சிலும் எழுத்திலும் அந்நிலையை எய்துவதில்லை. பால் வேறுபாட்டுப் பிழைகள் நெடுங்காலம் நீடிக்கின்றன. மேசை பெண்பால் என்றால், உயர்திணை அஃறிணை பிரித்துப் பழகிய நமக்கும் ஏற்பது கடினமே.

எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. இத்திட்டம் வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்காக உருவானது. அவர்களுடைய தாய்மொழியைத் தெருவும் தொலைக்காட்சியும் விளையாட்டுத் திடலும் காத்துநின்றன. ஆகவே பிரெஞ்சு எதையும் பறிக்காமல் கூடுதலாக வந்து சேர்ந்தது. டொராண்டோவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் நிலை அதுவன்று. அங்கே குழந்தைக்குப் பிரெஞ்சு மூன்றாம் மொழி. சுமை கூடிவிட்டதென்று அஞ்சி ஒன்றைக் குறைக்க எண்ணும்போது, முதலில் கைவிடப்படுவது தமிழ். இது தவறான கணக்கு. முதல் மொழியில் பெற்ற வாசிப்புத் திறன் அடுத்த மொழிக்கும் துணைநிற்கிறது என்பதை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜிம் கம்மின்ஸ் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்திருக்கிறார். வீட்டில் நாள்தோறும் வாசித்துக் காட்டுங்கள் என்று பள்ளி சொல்லும்போது, பெற்றோர் தமக்கு நன்கு வரும் மொழியில் வாசித்தால் போதும். ஆங்கிலத்துக்கு ஊரே காவல். பிரெஞ்சுக்குப் பள்ளி இருக்கிறது. படுக்கைக்கு முந்தைய அந்தக் கால் மணி நேரத்தில் தமிழ்க் கதை ஒன்று சொல்வதால் முதல் வகுப்பின் பிரெஞ்சுக்கு எவ்விதக் கேடும் வராது.