துடிப்பை எண்ணினால் ஆச்சா?

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் ஒரு லோடுமேன் எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்தார் என்று மட்டும் எண்ணிவிட்டு, மூட்டையின் எடையைப் பார்க்காமலே கூலி கொடுத்தால் என்ன ஆகும்? ரகளைதான்! இதயச் செல் விஷயத்தில் மட்டும் பலருக்கு இந்தக் கணக்கே போதுமானதாக இருக்கிறது.

தட்டில் வளர்த்த இதயச் செல் தானாகவே துடிக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அழகு. நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று கிராஃப் போட்டுவிடலாம். ஆனால் இதயத்தின் வேலை துடித்துக் காட்டுவதா, ரத்தத்தைத் தள்ளுவதா? விசை தெரியாமல் என்ன தெரிந்தது?

அளக்க வழியில்லை என்ற சாக்கும் எடுபடாது. செல்கள் இழுக்கிற இழுப்பில் மெல்லிய சிலிகான் ரப்பர் சுருங்குவதை 1980-லேயே ஆல்பர்ட் ஹாரிஸ் குழு காட்டிவிட்டது. இப்போது ஜெல்லில் ஒளிரும் நுண்மணிகளைப் பதிக்கிறார்கள். மணி எவ்வளவு நகர்ந்தது, ஜெல் எவ்வளவு விறைப்பு, இரண்டும் தெரிந்தால் விசை வந்துவிடும். ஸ்பிரிங் தராசு கணக்குதான்... பிளஸ் டூ பசங்களுக்கே புரியும்.

ஜெல் இதயம் மாதிரி மெத்தென்று இருக்கணும், சுமார் 10 கிலோபாஸ்கல். சாதா பிளாஸ்டிக் தட்டு அதைவிட லட்சம் மடங்கு விறைப்பு. மாரடைப்புத் தழும்பு போல விறைத்த பரப்பில் கருநிலை இதயச் செல்கள் முக்கித் திணறி, கடைசியில் துடிப்பதையே நிறுத்தியதை 2008-ல் ஆடம் எங்லர் குழு எழுதியது. தள்ளுவண்டிக்குப் பதில் குடோன் சுவரைத் தள்ளச் சொன்ன கதை!

"ஏழை நாட்டுக்கு இதெல்லாம் ஆடம்பரம்" என்பார்கள். அப்படியா? இதயத் தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்தின் ஜீனில் 25 எழுத்து காணாமல் போயிருப்பது தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு உண்டு, அது இதயத் தசை நோயோடு தொடர்புள்ளது என்று 2009-ல் தண்டபாணி குழு நேச்சர் ஜெனெடிக்ஸில் எழுதியது. 25 பேரில் ஒருவர்! 2018-ல் அமெரிக்காவாழ் தெற்காசியர்களிடம் நடந்த ஆய்வோ, அதே ஜீனில் கூடவே வரும் இன்னொரு மாற்றத்தைக் கைகாட்டியது.

யார் குற்றவாளி? ஆள் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் சண்டை போடுவது? அந்த 25 எழுத்து மட்டும் இல்லாத ஒருவரின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல், அதிலிருந்து இதயச் செல். ஜெல்லில் விட்டு விசையை அளக்கணும். அதே செல்லில் 25 எழுத்தைத் திரும்பச் செருகி, மறுபடி அளக்கணும். ரத்தம் கொடுக்க ஆள் தேடி பாஸ்டன் போகவேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. க்யூவிலேயே கிடைப்பார்கள்.