ரோட்டுக்கும் ரேஸுக்கும் ஒரே கான்டெஸாவா?

பழைய கார் பிரியர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ஒரு கான்டெஸாவை வாங்கி, அதன் என்ஜினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிய ஆறு சிலிண்டர் டர்போ ஒன்றை உட்காரவைத்தால் போதும். வாரம் முழுக்க ஊருக்குள் ஓட்டலாம், ஞாயிற்றுக்கிழமை டிராக் ரேஸும் ஓடலாம், குறுக்கே நிற்பது பணமும் ஆர்.டி.ஓ.வும்தான் என்கிறார்கள். கான்டெஸாவைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த அந்தக் கார், பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் வழி வந்தது. நீண்ட பானெட், பின்சக்கர இயக்கம், பெரிய என்ஜினுக்குத் தாராளமான இடம் எல்லாம் உண்டு. பிற்காலத்தில் அதில் வந்த இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின் தந்தது 88 குதிரைத்திறன். டொயோட்டாவின் 2ஜேஇசட் டர்போவோ கம்பெனியிலிருந்து வரும்போதே 280. இந்தக் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள சாலைகளில் வைத்துச் சோதித்தால் இந்த நம்பிக்கை தேறாது.

முதல் பிழை, டிராக் ரேஸை வெறும் குதிரைத்திறன் விவகாரமாகப் பார்ப்பது. பந்தய தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி அந்த தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்பதே கேள்வி. வெற்றி பெரும்பாலும் முதல் இருபது மீட்டரில் தீர்மானமாகிறது. கிளம்பும்போது எடை முழுவதும் பின்சக்கரத்துக்குப் போக வேண்டும். அதற்காக முன் ஸ்பிரிங்கை இளக்கி, ஷாக்கை மாற்றி, முன்னால் ஒல்லி டயரும் சிறிய பிரேக்கும் போட்டு எடையைக் குறைப்பார்கள். பின்னால் சூடேறினால்தான் பிடிக்கும் மென்மையான டயர் வேண்டும். டிஃபரன்ஷியலில் கிரவுன் விகிதத்தைக் கூட்ட வேண்டும். இந்த ஒவ்வொரு மாற்றமும் சாலையில் ஒரு குறையாக வந்து நிற்கும். 3.5 விகிதத்தில் நேர் டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு என்ஜின் சுமார் 3,000 சுற்று சுற்றுகிறது என்றால், 4.5 விகிதத்தில் அது 3,850 ஆகும். சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, பாகாலை, சந்திரகிரி வழியாகத் திருப்பதி போய்ச் சேரும்வரை அந்த இரைச்சலையும் சூட்டையும் பெட்ரோல் செலவையும் தாங்கியாக வேண்டும். ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி இதைக் கொஞ்சம் குறைக்கும், உண்மை. ஒல்லி முன்டயரின் பிடிமானக் குறைவை எந்தக் கியர் பெட்டியும் சரிசெய்யாது. மழை நாளில் வளைவில் காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த முன்டயர்தான்.

பிரேக்கைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் திருமலை ஏறாமல் இருக்கமாட்டார். 1944-ல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு. 1974-ல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. மேலிருந்து கீழே உயர வேறுபாடு சுமார் 700 மீட்டர். 1,200 கிலோ கார் அந்த உயரத்தை இறங்கும்போது எங்காவது போய்ச் சேர வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 82 லட்சம் ஜூல். மணிக்கு 160 கிலோமீட்டரில் ஓடும் அதே காரை ஒருமுறை முழுதாக நிறுத்த 12 லட்சம் ஜூலே போதும். ஆக, மலையிறக்கம் என்பது அப்படிப்பட்ட ஏழு நிறுத்தத்துக்குச் சமம். சாதாரணக் காரில் இரண்டாம் கியரில் என்ஜினே பாதிப் பாரத்தைச் சுமந்துவிடும். அதிக ஸ்டால் (என்ஜின் வேகமாகச் சுற்றும்வரை வழுக்கும்) டார்க் கன்வர்ட்டர் பொருத்திய டிராக் ஆட்டோமேட்டிக்கில் அந்த உதவி மிகக் குறைவு. மிச்சம் முழுவதும் எடை குறைத்த டிஸ்கின் தலையில் விழும். டிராக் பாதையில் இந்தச் சிக்கல் இல்லை. கோட்டைத் தாண்டியபின் நின்று அடங்க நீண்ட நேர்பாதை இருக்கும், அடுத்த ஓட்டத்துக்குள் பிரேக் ஆறியும் விடும். இறங்கக் குறைந்தது 40 நிமிடமாவது எடுக்க வேண்டும் என்ற தேவஸ்தான விதியால் சூடு மெதுவாக ஏறும், ஏறாமல் போகாது. மலையடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போது தொல்லை வேறு வடிவில் வரும். பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட என்ஜின் ஐடிலில் போதுமான வெற்றிடத்தைத் தராது. பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பியே இயங்குகிறது. அடிக்கடி மிதிக்க வேண்டிய இடத்தில்தான் பெடல் கல்லாக இறுகும்.

இதற்குக் கைதேர்ந்தவர்கள் சொல்லும் பதில் எலெக்ட்ரானிக்ஸ். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வில் இரண்டு மேப், ஒரு சுவிட்ச். ரோட்டில் டர்போ அழுத்தத்தைக் குறைத்துக்கொள், ரேஸில் கூட்டிக்கொள் என்கிறார்கள். இதுவே அவர்கள் தரப்பின் வலுவான வாதம், பாதி சரியும்கூட. எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் என்பதும் அவர்களுக்குச் சாதகம்தான் (பழைய ரப்பர் ஹோஸ்களை அது அரிப்பது வேறு கணக்கு). ஆனால் சுவிட்ச் மாற்றுவது என்ஜினின் குணத்தை மட்டும். கிரவுன் விகிதத்தையோ, ஆன்-ஆஃப் போல மட்டும் பிடிக்கும் ரேஸ் க்ளட்சையோ, இளக்கிய ஸ்பிரிங்கையோ அது தொடாது.

அடுத்து அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே 2005 முதல் நடக்கும் டிராக் வீக் நிகழ்ச்சியில் ஒரே கார் ஒரு வாரத்தில் பல டிராக் பாதைகளில் ஓடுகிறது. இடையே ஆயிரம் மைலுக்கு மேல் பொதுச்சாலையில் தானே செல்கிறது. கால் மைலை ஆறு விநாடிகளில் முடித்த கார்களும் அப்படி வந்திருக்கின்றன. மறுக்க முடியாத சான்று போலத் தோன்றும். அந்தக் கார்களின் பின்னால் இழுபடும் சிறு டிரெய்லரை யாரும் கவனிப்பதில்லை. பாதையை அடைந்ததும் டயரை மாற்றி, எரிபொருளை மாற்றி, செட்டிங்கை மாற்றுகிறார்கள். ஓட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி திருப்புகிறார்கள். டூல் பெட்டியும் உதிரிபாகமும் கூடவே பயணிக்கின்றன. ஒரே கார் இரண்டு வேலையும் செய்யும் என்பதற்கு அது நிரூபணமாகாது. வாரத்தில் ஒரு காரை எத்தனை தடவை பிரித்துக் கட்டலாம் என்பதையே அது காட்டுகிறது.

அமெரிக்க விதியே இன்னொன்றும் சொல்கிறது. அங்கே டிராக் ரேஸை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ., கால் மைலை 11.49 விநாடியோ அதற்குக் குறைவாகவோ ஓடும் பழைய கார்களுக்கு ரோல் பார் கட்டாயம் என்கிறது, 9.99 அல்லது அதற்குக் கீழே என்றால் முழு ரோல் கேஜ். ஹெல்மெட் போட்டு, பலமுனை பெல்ட்டில் இறுகக் கட்டியிருப்பவனை அந்த இரும்புக்குழாய் காப்பாற்றும். வெறுந்தலையோடு, சாதாரண பெல்ட்டோடு குடும்பம் உட்கார்ந்திருக்கும் காரில், சிறு மோதலிலேயே மண்டையைப் பிளப்பது அதே குழாய்தான். பந்தயத்துக்கான பாதுகாப்பே ரோட்டில் ஆபத்தாகிறது என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு தேவையில்லை.

சட்டத்தைப் பெரும்பாலோர் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். யாரும் பிடிப்பதில்லை என்றும் சொல்கிறார்கள். பிடிபடாத குற்றம் குற்றமில்லை என்றாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்தது. வின்டேஜ் பதிவில் ஒளிந்துகொள்ளவும் முடியாது. 2021 விதிப்படி வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, வழக்கமான பயணத்துக்கு ஓட்டவும் கூடாது. முதல் கான்டெஸாவுக்கே 2034-ல்தான் ஐம்பது ஆகும். இன்ஷூரன்ஸ் பாலிசியிலோ பந்தயமும் வேகச்சோதனையும் எப்போதுமே விலக்கு. விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு தரும் பொறுப்பைக்கூட அந்தக் காரணத்தைக் காட்டி மறுக்கக் கம்பெனிக்குச் சட்டம் இடம் தருகிறது.

அப்படியானால் பழைய காரைத் தொடவே கூடாதா என்றால், அதுவல்ல வாதம். சொந்த வகை என்ஜினையே நன்றாகத் துப்புரவு செய்து, கார்புரேட்டரைச் சரியாக டியூன் செய்து, ரேடியேட்டரையும் பிரேக்கையும் வலுப்படுத்திய கான்டெஸா சித்தூரிலிருந்து திருமலை வரை நிம்மதியாகப் போய்வரும். கால் மைலில் அது யாரையும் வியக்கவைக்காது, அவ்வளவே. வியக்கவைக்க வேண்டுமென்றால் இன்னொரு கான்டெஸாவை ரேஸுக்கென்றே கட்டுங்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றி, லாரியில் ஏற்றி, ராணிப்பேட்டை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கு எடுத்துப் போங்கள். இரண்டு கார் வாங்க வசதி இல்லாதவர், ரோட்டில் ஓட்டப்போகும் காரை ரோட்டுக்கென்றே வைத்துக்கொள்ளட்டும்.