அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா?

தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வாசலில் சாமியானா, வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுக்கூடத்தில் ஃப்ரீசர் பாக்ஸ். தெருமுனை போஸ்டரில் 'இறந்தார்' என்று இருக்காது. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றோ 'மகிமைக்குள் பிரவேசித்தார்' என்றோ இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை, அது அவர்கள் நம்பிக்கை. ஆனால் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவி வாய்விட்டு அழ ஆரம்பிப்பார் பாருங்கள், அப்போதுதான் பிரச்சினை. சபையிலிருந்து வந்த யாராவது ஒருவர் குனிந்து, "அக்கா, அழக்கூடாது. அண்ணன் பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்க. எல்லாரும் பாக்குறாங்க, நம்ம சாட்சி என்னாகும்?" என்பார். அந்த அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார். கீபோர்டில் அடுத்த பாட்டு ஆரம்பமாகிவிடும்.

எல்லா வீட்டிலும் இப்படி இல்லை. எல்லா சபையும் இப்படி இல்லை. ஆனால் அடிக்கடி நடக்கிறது, அதுவும் ஆறுதல் என்ற பெயரில் நடக்கிறது. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். கேள்வி ரொம்பச் சின்னது. கணவனைப் பறிகொடுத்தவளை அழாதே என்று சொல்லும் அதிகாரம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அவர்கள் கையில் வைத்திருக்கும் அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்திலிருந்தா?

அங்கிருந்துதான் என்பார்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம், நாலாம் அதிகாரம். சாவு வீட்டில் அதிகம் வாசிக்கப்படும் பகுதிகளில் அதுவும் ஒன்று. ஆனால் பவுல் அங்கே துக்கமே படாதீர்கள் என்று சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் துக்கப்படுகிற மாதிரி நீங்கள் துக்கப்பட வேண்டியதில்லை என்கிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தமிழ் தெரிந்த யாருக்கும் புரியும். "பட்டினி கிடந்தவன் மாதிரி சாப்பிடாதே" என்றால் சாப்பிடவே கூடாது என்றா அர்த்தம்? இன்னொன்றும் உண்டு. இதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, எப்பாப்பிரோதீத்து என்ற நண்பன் சாகக்கிடந்து பிழைத்த கதையைச் சொல்கிறார். அவன் பிழைத்தது கடவுள் தன் மேலும் காட்டிய இரக்கம், இல்லையென்றால் தனக்குத் துக்கத்துக்கு மேல் துக்கம் வந்திருக்கும் என்கிறார். சாவைப் பார்த்துக் கூலாகச் சிரிக்கிற ஆள் எழுதுகிற வரியா இது?

அடுத்து அவர்கள் நீட்டுவது இயேசுவே 'அழாதே' என்று சொன்ன இடங்களை. நாயீன் ஊரில் ஒரே மகனைப் பறிகொடுத்த விதவையிடம் சொன்னார். யவீருவின் வீட்டில் ஒப்பாரி வைத்தவர்களை வெளியே அனுப்பினார். உண்மைதான். அப்புறம் என்ன செய்தார்? பாடையைத் தொட்டு மகனை எழுப்பி அம்மா கையில் கொடுத்தார். சிறுமியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றார். அழாதே என்று சொன்னவர் அழவேண்டிய காரணத்தையே எடுத்துவிட்டார். காலையில் அழாதே என்று சொல்லிவிட்டு மாலை நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் மண் போடுகிறவர்கள் அந்த வசனத்தைக் கடன் வாங்க முடியாது.

எழுப்பப் போகிறோம் என்று தெரிந்த இடத்திலேயே அவர் அழுதும் இருக்கிறார். லாசருவின் கதை. வியாதி என்று ஆள் அனுப்பியும் உடனே கிளம்பாமல் இரண்டு நாள் அதே இடத்தில் தங்குகிறார். போய்ச் சேரும்போது பிணம் கல்லறைக்குப் போய் நாலு நாள். அக்கா மார்த்தாள் வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான் என்கிறாள். பின்னால் வந்த மரியாளும் அதையேதான் சொல்கிறாள். வீட்டுக்குள் அக்காவும் தங்கையும் நாலு நாளாய் இதையே சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள் போல. இது ஜெபமா, புகாரா? இரண்டும்தான். இரண்டு பேரில் யாரையும், உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் தம்பி போனான் என்று அவர் சொல்லவில்லை. மரியாள் அழுவதைப் பார்த்துத் தானும் அழுகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசரு நடந்து வரப்போகிறான் என்று தெரிந்தவர் அழுதார். தெரியாதவர்கள் அழக்கூடாதாம்!

ஒப்பாரி நம்முடையது அல்ல, புறஜாதியார் பழக்கம் என்று பிரசங்கம் செய்கிறவர்களும் உண்டு. தமிழ் வேதாகமத்தின் பொருளடக்கத்தைத் திறந்தால் எரேமியாவுக்கு அடுத்து நிற்கும் புத்தகத்தின் பெயர் என்ன? 'புலம்பல்'. எருசலேம் இடிந்து விழுந்ததை நினைத்து வைத்த ஒப்பாரிதான் அது, ஐந்து அதிகாரம். எரேமியாவின் ஒன்பதாம் அதிகாரத்தில், தொழிலாகவே ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கூப்பிட்டு வரச் சொல்லி கடவுள் பெயரிலேயே கட்டளை இருக்கிறது. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது அவனை அடக்கம் பண்ணிய பக்தியுள்ள மனிதர்கள் பெரிதாக அழுது புலம்பினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அவர்களிடம் போய் சாட்சி கெட்டுவிடும் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த வியாதி பழையது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கி.பி. 387-ல் ரோமுக்குப் பக்கத்தில் ஒஸ்தியா துறைமுகத்தில் அகஸ்தீனின் அம்மா மோனிக்கா இறந்தார். அகஸ்தீன் தன் கையால் அம்மாவின் கண்ணை மூடினார். பேரன், விடலைப் பையன், 'ஓ'வென்று அழுதான். சுற்றி இருந்தவர்கள் அவனை அடக்கினார்கள். நல்ல கிறிஸ்தவச் சாவுக்கு அழுவது முறையல்ல என்பது அன்றைக்கும் பெரியவர்களின் எண்ணம். அகஸ்தீனும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கம் முடியும் வரை அழவில்லை. துக்கம் கழுவிப் போகுமென்று குளியலறைக்குப் போய்க் குளித்துக்கூடப் பார்த்தார். போகவில்லை. துக்கப்படுகிறோமே என்றும் ஒரு துக்கம் சேர்ந்து, ஒன்று இரண்டானதுதான் மிச்சம். தூங்கி எழுந்து தனியாகப் படுக்கையில் கிடந்தபோதுதான் உடைந்து அழுதார். பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, பிஷப்பாகிவிட்ட பிறகு, இதை ஒளிக்காமல் தன் 'கன்ஃபெஷன்ஸ்' நூலில் எழுதியும் வைத்தார். தாய்க்காக ஒரு மணி நேரத்தில் ஒரு பகுதி அழுததைக் குற்றமென்று நினைப்பவன் சிரிக்க வேண்டாம், என் பாவங்களுக்காக அழட்டும் என்கிற தொனியில். சபையின் மாபெரும் மூளைகளில் ஒன்றுக்கே முடியாததைத்தான் ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த அக்காவிடம் எதிர்பார்க்கிறார்கள்.

பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் இன்னொரு கதை ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டுடையது. சிகாகோ வக்கீல். 1873 நவம்பரில் மனைவியும் நாலு மகள்களும் போன 'வில் து ஆவ்ர்' என்ற கப்பல் அட்லாண்டிக்கில் மோதி மூழ்கியது. நாலு பிள்ளைகளும் போனார்கள், மனைவி மட்டும் பிழைத்தார். அவரை அழைத்துவரக் கடலில் போனபோது ஸ்பாஃபோர்டு எழுதிய பாமாலையைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க அடக்க ஆராதனைகளில் பாடுகிறார்கள். "பாருங்கள், நாலு பிள்ளைகளை இழந்தவர் பாடினார், நீங்கள் ஏன் அழுகிறீர்கள்?" என்று கதை அங்கேயே முடிக்கப்படும். மீதியை யாரும் சொல்வதில்லை. 1880-ல் அவர்களுடைய சின்ன மகனும் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தான். அவர்கள் சபையைச் சேர்ந்தவர்களே இத்தனை சாவையும் கடவுளின் தண்டனையாகப் பேசினார்கள். கணவனும் மனைவியும் அந்தச் சபையை விட்டார்கள். 1881-ல் ஊரையே விட்டு எருசலேமுக்குப் போய்க் குடியேறினார்கள். பாட்டை எடுத்துக்கொண்டார்கள், பாடியவனைத் துரத்திவிட்டார்கள்.

தண்டனைக் கணக்கு பார்க்கிறவர்களும் ஜெபத்தைக் கணக்காகப் பார்க்கிறவர்களும் ஒரே ஆட்கள்தான். இத்தனை நாள் உபவாசம், இத்தனை பேர் சங்கிலி ஜெபம் என்று ஒரு பக்கம் டெபிட் எழுதினால் மறுபக்கம் சுகம் கிரெடிட் ஆகியே தீரவேண்டும். ஆகவில்லையா? கடவுள் பக்கம் தப்பு இருக்க முடியாது, ஆகவே வீட்டாரின் விசுவாசத்தில்தான் குறைவு. புற்றுநோயில் மகளைப் பறிகொடுத்த அம்மாவின் தலையில், மகள் செத்ததற்குக் காரணமே நீதான் என்ற பாரத்தையும் சேர்த்து ஏற்றிவைக்கிற கொடுமை இது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைத்துவிட்டு நிதானமாகத் தேடு என்றுதான் பி.காம் படிக்கும் பிள்ளைகளுக்கே சொல்லித் தருகிறார்கள். இவர்களுக்கு அடக்கம் முடிவதற்குள் டேலி ஆகிவிட வேண்டும்! 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பார்க்கட்டும். இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் இல்லை என்று ஆரம்பித்து, இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட ஒட்டவைக்கப்படவில்லை. அப்படியேதான் அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

சி.எஸ். லூயிஸின் அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். 'நார்னியா' கதைகளை எழுதியவர், துன்பம் ஏன் வருகிறது என்று 1940-லேயே புத்தகம் போட்டவர். 1957 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில், புற்றுநோயில் எலும்பு அரித்துப் படுத்திருந்த ஜாய் டேவிட்மனை மருத்துவமனைக் கட்டிலருகிலேயே சபை முறைப்படி திருமணம் செய்துகொண்டார். மணம் செய்துவைத்த குருவானவர் ஜாயின் மேல் கைவைத்து ஜெபித்தார். ஜாய் எழுந்து நடந்தார்! ஆனால் அதை வைத்து லூயிஸ் ஜெபத்துக்கு விளம்பரம் செய்யவில்லை. 1959-ல் வெளியான கட்டுரையில் இதைச் சொல்லிவிட்டு, இது நிரூபணம் ஆகாது, ஜெபம் என்பது வேண்டுகோள், வேண்டுகோள் மறுக்கப்படவும் கூடும் என்று எழுதினார். கெத்செமனே தோட்டத்தில் இயேசு கேட்டதே கிடைக்கவில்லையே என்பதையும் எடுத்துக்காட்டினார். அதே வருஷம் அக்டோபரில் நோய் திரும்பியது. 1960 ஜூலை 13-ல் ஜாய் இறந்தார், வயது 45. அதற்குப் பின் லூயிஸ் எழுதிய குறிப்புகள் 1961-ல் புனைபெயரில் வெளிவந்தன. கடவுள் மேல் கோபம், கதவைத் தட்டியும் திறக்காத மௌனம், மதம் தரும் ஆறுதலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் மேல் எரிச்சல், எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. அவர் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. ஜெபித்துக்கொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே ஜெபித்தார். அவரிடம் யார் போய் விசுவாசக் குறைவு என்று சொல்வது?

ஜெபித்தவருக்குக் கிடைக்கும் என்ற கணக்கை ஊர் அளவுக்கு நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேளாங்கண்ணி போதும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமி அலை பேராலயத்துக்குள் நுழையவில்லை, உள்ளே திருப்பலியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இதை அற்புதம் என்று சொல்லிச் சொல்லிப் பரப்பினார்கள். பிழைத்தவர் நன்றி சொல்லட்டும், அது அவர் உரிமை. ஆனால் அதே நேரத்தில் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நூற்றுக்கணக்கானவர்களை அலை இழுத்துப்போனது. அவர்களில் பலர் அதே மாதாவைத் தேடி வந்த யாத்ரீகர்கள். அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளே இருந்தவரின் ஜெபம் பலித்தது என்றால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற தாயின் ஜெபம் மட்டமானதா? எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது இயேசுவே இதைக் கேட்டார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று பதிலையும் தானே சொன்னார்.

அப்படியானால் சாவு வீட்டுக்குப் போய் என்னதான் செய்வது என்று கேட்பவர்கள் யோபுவின் நண்பர்களைப் பார்க்கலாம். பத்துப் பிள்ளைகளையும் இழந்தவனைப் பார்க்க வந்த மூன்று பேர், முதலில் ஏழு நாள் ராத்திரி பகலாய்த் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் அடிக்க மாட்டார் என்று கடவுளுக்காக வக்காலத்து வாங்கினார்கள். கடைசியில் கடவுள் கோபப்பட்டது, தன்னிடமே சண்டை போட்ட யோபுவின் மேல் அல்ல, இந்த மூன்று பேர் மேல்தான். யோபு இவர்களுக்காக ஜெபித்துதான் இவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

வேளாங்கண்ணியில் மொத்தமாய்ப் புதைத்த இடத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. டிசம்பர் 26-ல் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிக்கிறார்கள். 20 வருஷம் கழித்து 2024-லும் கடலோர ஊர்களில் அம்மாக்கள் பிள்ளைகளின் போட்டோவுக்கு முன்னால் வாய்விட்டு அழுதார்கள்.