அழுத குழந்தைக்கு அம்பலவாணர் தந்த விடை

துன்புறும் குழந்தைகளைப் பற்றிய ஆவணப்படம் தொலைக்காட்சியில் ஓடும்போது, முழுதும் பார்க்க இயலாமல் எழுந்து சென்றுவிடும் பெரியவர்கள் உண்டு. திரையில் தெரியும் முகத்தில் தம் பேரப்பிள்ளையின் சாயலைக் காண்பதால் நேரும் தவிப்பு அது. அப்போது ஒரு கேள்வியும் நெஞ்சை அறுக்கும்: 'இந்தப் பச்சிளங் குழந்தை என்ன பாவம் செய்தது? ஈசன் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறானா?'

2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கடற்கரையெங்கும் இக்கேள்வி எழுந்தது. அது மார்கழித் திருவாதிரையை ஒட்டிய பௌர்ணமி நாள். தில்லையில் ஆருத்ரா தரிசன விழாக்காலம். அன்று காலை ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, பரங்கிப்பேட்டை, கிள்ளை எனக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் குழந்தைகள் பலர். தொலைக்காட்சியில் அக்காட்சிகளைக் கண்டு கலங்காத இல்லம் தமிழகத்தில் இல்லை.

அத்தகைய கேள்விக்குத் தில்லைத் தலபுராணம் சொல்லும் வரலாறு சிந்திக்கத்தக்கது. புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதரின் மைந்தர் உபமன்யு. வசிட்டரின் ஆசிரமத்தில் காமதேனுவின் பாலுண்டு வளர்ந்த அப்பிள்ளை, தில்லைக்கு வந்தபின் பால் கிடைக்காமல் அழுதது. வறுமையுற்ற பெற்றோர் வேறு வழியறியாது குழந்தையைச் சந்நிதியில் விட்டனர். குழந்தை அழுதது, இறைவன் திருப்பாற்கடலையே வரவழைத்துக் கொடுத்தருளினான். சேந்தனாரின் திருப்பல்லாண்டும் இவ்வருட்செயலைப் போற்றுகிறது. சிதம்பரத் தீர்த்தங்களுள் ஒன்று இன்றும் திருப்பாற்கடல் என்றே வழங்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பசித்தழுத பிள்ளைக்குக் கூத்தப்பெருமான் வினைப்பயனை விளக்கவில்லை, பாலைத் தந்தான். துன்பம் ஏன் வந்தது என்பதற்கு நம்மிடம் விடை இல்லாமல் இருக்கலாம். அழுகிற குழந்தையின் முன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விடை சந்நிதியிலேயே இருக்கிறது.

பேரலைக்குப் பின் அந்த விடையைப் பலர் செயலில் காட்டினர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சமைத்து, வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு அன்னமிட்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரியிலும் அரசு இல்லங்கள் திறந்தது. வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகப் பொருள்கள் வந்தன. ஆயினும் அவற்றுள் கிழிந்த பழந்துணிகளும் ஏராளம். உடுத்த இயலாத அவை சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. கண்ணீர் உண்மையானதே. பெறுபவருக்கு எது தேவை என்று கேட்டறியும் பொறுமை மட்டும் அதனுடன் சேரவில்லை.

கருணை நிலைத்து நிற்பதற்குச் சான்று, அதே மாவட்டத்து வடலூர். சிதம்பரத்திற்கு அணித்தான மருதூரில் 1823இல் அவதரித்த இராமலிங்க வள்ளலார், பசித்தவர் துயரைக் கண்டு உருகினார். உருகியதோடு நில்லாமல் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அவ்வடுப்பு இன்றுவரை அணையவில்லை. வந்தவர் எவராயினும் அங்கே அன்னம் உண்டு. சீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்பது அவர் உபதேசம்.

ஆகவே அடுத்தமுறை அத்தகைய படத்தைக் காண நேர்ந்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றே ஒரு சிறு செயலைத் தொடங்கலாம். பாலபிஷேகத்திற்கு வாங்கும் பாலுக்கு இணையாக, அருகிலுள்ள குழந்தைகள் இல்லத்திற்கும் பால் வழங்கலாம். முன்னதாக அந்த இல்லத்தாரிடம் தேவையைக் கேட்டறிவது நலம். பொருள் வசதி இல்லாதோர் அனுமதி பெற்று, வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்குப் பாடமோ புராணக் கதையோ சொல்லித் தரலாம். துன்பத்தில் சிக்கிய குழந்தையைக் கண்டால் 1098 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

முதுமையில் கால்கள் தளரலாம். கோயிலுக்குச் செல்வதும் அரிதாகலாம். அழுகிற குழந்தைக்கு ஆழாக்குப் பால் கிடைக்க வழி செய்வதும் அம்பலவாணர் வழிபாடே.