'அண்ணாச்சி, அந்த மாத்திரை நாலு!'

காய்ச்சல் வந்தா பாளையங்கோட்டை ஹாஸ்டல் பசங்க எங்கே போவாங்க? நேரா மெடிக்கல் ஷாப். 'அண்ணாச்சி, போன வாட்டி குடுத்தீங்கள்லா, அதே மாத்திரை நாலு குடுங்க!' டாக்டரும் இல்லை, சீட்டும் இல்லை. நீங்களும் இதில் ஒருத்தர்தானே?

அந்த நாலில் ஆன்டிபயாடிக்கும் இருக்கலாம். வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலையே செய்யாது. ஆனால் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தாக்குப்பிடிக்கப் பழகிவிடும். நாளைக்கு உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன், அக்கா குழந்தைக்கு நிமோனியா என்று நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து கைவிட்டுவிடும்.

சரி, டாக்டர்கள் மட்டும் ஒழுங்கா எழுதுறாங்களா? அந்தக் கேள்வியை அவர்களே எழுப்பியிருக்கிறார்கள். 2012-ல் மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த 'சென்னைப் பிரகடனம்' கொண்டுவந்தன. 2014 மார்ச்சில் எச்1 பட்டியல் அமலுக்கு வந்தது. அதில் உள்ள மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

எல்லாத் திட்டத்துக்கும் டாக்டர்கள் தலையாட்டவில்லை. கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப்பெயரைத்தான் எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டது. இந்திய மருத்துவ சங்கம் எதிர்த்தது. மூன்றே வாரத்தில் விதி நிறுத்திவைக்கப்பட்டது. 'எல்லாக் கம்பெனி மாத்திரையும் ஒரே தரம்னு யார் உத்தரவாதம்? நாங்க பொதுப்பெயர் எழுதினா, எந்தக் கம்பெனி மாத்திரைன்னு முடிவு பண்றது கடைக்காரர்தானே?' இதுதான் அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பு அரசுடையது. அதைக் காரணம் காட்டி ஏழை நோயாளி தலையில் விலையைக் கட்டலாமா? நம்ம ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி உள்பட அரசு ஆஸ்பத்திரிகளுக்கு, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-லிருந்து பொதுப்பெயரில்தானே மருந்து வாங்கித் தருகிறது!

நம்ம பங்கும் இருக்கு. 'என்ன டாக்டர், ஊசி போடலியா?' என்று முகம் சுளிக்கிறோமே, அந்தச் சுளிப்பே பல சீட்டுகளை நீளமாக்குகிறது.

அடுத்த தடவை இதை மட்டும் செய்யுங்க. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டு இல்லாமல் வாங்காதீங்க. டாக்டரிடம், 'இது ஆன்டிபயாடிக்கா? எனக்கு அவசியமா? எத்தனை நாள் சாப்பிடணும்?' என்று தைரியமா கேளுங்க.

நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். மிஞ்சிப்போனால், சீட்டில் ஒரு வரி குறையும். லாபம் உங்களுக்குத்தான்!